டவுப்போ ஏரியில டிரவுட் டிரோலிங்: சிங்கப்பூர்லேர்ந்து போறவங்களுக்கு முழு வழிகாட்டி

சிங்கப்பூர்ல தூண்டில் போடுற நம்ம ஆளுங்களுக்கு ஒரு கொறை உண்டு. சுத்தி கடல் இருக்கு, உள்ள நீர்த்தேக்கம் இருக்கு, ஆனா பெரிய நன்னீர் ஏரியில படக மெதுவா ஓட்டிக்கிட்டே பின்னாடி லூர, அதாவது செயற்கை இரைய, இழுத்து மீன் பிடிக்கிற டிரோலிங் சுகம் மட்டும் இங்க கெடையாது. நீர்த்தேக்கத்துல குறிச்சு வச்ச எடத்துல நின்னு லூர் போட்டு தோமானோ பீக்காக் பாஸோ பிடிக்கலாம், அதோட சரி. அதனாலதான் பள்ளி விடுமுறைக்கு குடும்பத்தோட நியூசிலாந்து போறவங்க, எப்படியும் ஆக்லாந்துல எறங்கி வாடகைக் கார் எடுக்கத்தான போறீங்க, மூன்றரை மணி நேரம் தெக்க ஓட்டிட்டுப் போனா டவுப்போ வந்துடும், ரெண்டு காலைய அங்க ஒதுக்கிடுங்கன்னு நான் பாக்கறவங்க எல்லார்ட்டயும் சொல்றது.

ஏரியோட பரப்பளவு 616 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூர் மொத்தமே ஏறக்குறைய 735 தான். துவாஸ்லேர்ந்து கெளம்பி சாங்கி வர்ற வரைக்கும் தண்ணியாவே இருந்தா எப்படி இருக்கும், அப்படி நெனச்சுக்குங்க. அதிகபட்ச ஆழம் 186 மீட்டர். எரிமலை வெடிச்சு உள்வாங்குன பள்ளம் அது, அதனால கரையிலேர்ந்து கொஞ்ச தூரத்துலயே தரை சடார்னு கீழ போயிடும். இவ்ளோ தண்ணியில 50 சென்டிமீட்டர் மீன எங்க போய் தேடுவீங்க?

மொத தடவ நானும் என் மச்சானும் போனப்ப தேடவே இல்ல. நம்மதான் கடல்ல தெங்கிரி இழுத்த ஆளுங்களாச்சே, இது ஏரிதானன்னு ஒரு தெனாவெட்டு. சின்னப் படகு வாடகைக்கு எடுத்து, கடல்ல ஓட்டுற அதே வேகத்துல நாலு மணி நேரம் சுத்துனோம். லூரெல்லாம் தண்ணிக்கு மேல துள்ளிக்கிட்டு வருது, கீழ 20 மீட்டர்ல மீன் அது பாட்டுக்கு நிக்குது. "அத்தான், இதுல மீனே இல்லன்னு நெனைக்கறேன்"ங்கறான் மச்சான். பக்கத்துப் படகுல ஒரு வெள்ளக்காரத் தாத்தா மூணாவது மீன தூக்கிக்கிட்டு இருக்காரு. அன்னிக்கு புரிஞ்சதுதான் இந்த வழிகாட்டி பூரா: லூர் எவ்ளோ ஆழத்துல போகுது, எவ்ளோ வேகத்துல போகுது, படகுக்கு எவ்ளோ தூரம் பின்னால போகுது. இந்த மூணு கணக்கும் கையில இருந்தா மீனு வரும், மத்ததெல்லாம் அப்புறம்தான்.

சால்மன் கேக்கறவங்களுக்கு

டவுப்போவுல சால்மன் கெடையாது. ரெயின்போ டிரவுட், கொஞ்சம் பிரவுன் டிரவுட், அவ்ளோதான். சால்மனும் வேணும்னா தெற்குத் தீவுக்குப் போகணும், குவீன்ஸ்டவுன் பக்கத்துல வாக்கட்டிப்பு, அப்புறம் வானாக்கா, ஹாவியா ஏரிங்க. இதெல்லாம் கடலுக்குப் போகாம ஏரியிலயே வளர்ற சினூக் சால்மன், அங்க குவினாட்னு சொல்லுவாங்க. உருவம் சின்னதாத்தான் இருக்கும், அமெரிக்கப் பெரிய ஏரிங்கள்ல வர்ற ராட்சச சால்மன் மாதிரி எதிர்பாத்துட்டுப் போகாதீங்க. இந்த மீனுங்க ஒண்ணுகூட நியூசிலாந்து மீனு இல்லங்கறது தனிக் கத, ரெயின்போ முட்டை 1883ல கலிஃபோர்னியாவுலேர்ந்து வந்தது, சினூக்கும் அங்கேர்ந்துதான் 1901க்கு அப்புறம் கொண்டாந்து விட்டாங்க. நம்மள மாதிரியே கப்பலேறி வந்து செட்டிலான கூட்டம்.

நான் கீழ சொல்ற முறை ரெண்டு மீனுக்கும் ஒண்ணுதான். சால்மன் இன்னும் கொஞ்சம் குளிர்ந்த தண்ணிய தேடும், அதனால வெயில் காலத்துல டிரவுட்ட விட கொஞ்சம் ஆழமா பாருங்க.

கெளம்பறதுக்கு முன்னாடி

லைசென்ஸ். தூண்டில் பிடிக்கிற ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வேணும். இதுல ஒரு சிக்கல், நியூசிலாந்து பூரா ஃபிஷ் அண்ட் கேம் குடுக்கற லைசென்ஸ்தான் செல்லும், ஆனா டவுப்போ வட்டாரத்துக்கு மட்டும் தனி லைசென்ஸ், அத குடுக்கறது அந்த நாட்டு இயற்கைப் பாதுகாப்புத் துறை. குவீன்ஸ்டவுன்ல வாங்குனத வச்சுக்கிட்டு டவுப்போவுல போட முடியாது. ஒரு நாள் லைசென்ஸ் ஆன்லைன்லயே வாங்கலாம். எத்தன மீன் எடுக்கலாம், எத்தன சென்டிமீட்டருக்கு கொறஞ்சா திருப்பி விடணும்ங்கறதெல்லாம் அப்பப்ப மாத்துறாங்க, அதனால நண்பர் சொன்னாருன்னு நம்பாம லைசென்ஸோட வர்ற விதிகள அந்த வருஷத்துக்கு படிச்சுடுங்க. ஆத்து முகத்துவாரம் பக்கத்துல ஃபிளைக்கு (இறகும் நூலும் வச்சுக் கட்டுன செயற்கை இரை) மட்டும்னு ஒதுக்குன எடங்களும் உண்டு, அங்க டிரோலிங் இழுத்துட்டுப் போயிடாதீங்க.

சாமான் கொண்டு போறவங்க ஒண்ணு கவனிக்கணும். நியூசிலாந்து விமான நிலையத்துல பயோசெக்யூரிட்டி ரொம்ப கறார். பயன்படுத்துன ராடு, ரீல், லூர் எல்லாத்தையும் நல்லா கழுவி காய வச்சு, கார்டுல மறைக்காம டிக்ளேர் பண்ணிடுங்க. டிக்ளேர் பண்ணா பாத்துட்டு விட்டுடுவாங்க, பண்ணாம மாட்டுனா அங்கயே 400 டாலர் அபராதம். மீன் மசாலா பாக்கெட்டும் அப்படித்தான், பொட்டலத்தோட காட்டிடுங்க. அடியில ஃபெல்ட் துணி ஒட்டுன வேடிங் பூட்ஸ் வச்சிருந்தா வீட்டுலயே வச்சுட்டுப் போங்க, நன்னீர் மீன்பிடிக்கு அது அங்க தடை, டிடிமோன்னு ஒரு பாசி அதுல ஒட்டிக்கிட்டு ஆறு ஆறா பரவுதுன்னு.

படகு விஷயம். இங்க மோட்டார் படகு ஓட்டணும்னா கடல்துறை, துறைமுக ஆணையத்தோட (MPA) லைசென்ஸ் வேணும், அங்க உல்லாசப் படகுக்கு லைசென்ஸே வேணாம். கேக்க ஜாலியா இருக்கும், ஆனா அதுதான் ஆபத்து. மொத தடவன்னா தயவுசெஞ்சு சார்ட்டர், அதாவது ஆளோட வர்ற வாடகைப் படகு, எடுங்க. படக ஓட்டுற ஸ்கிப்பர் இருப்பாரு, சாமானெல்லாம் அவங்களே தருவாங்க, எந்த எடம் எந்த ஆழம்னு அவங்களுக்கு தெரியும், நீங்க பக்கத்துல நின்னு கேள்வி கேட்டுக் கத்துக்கலாம். ரெண்டாவது நாள் வேணும்னா சொந்தமா ஓட்டுங்க. லைஃப் ஜாக்கெட் கழட்டவே கூடாது, தண்ணி நம்ம ஊரு தண்ணி மாதிரி வெதுவெதுன்னு இருக்காது, விழுந்தா மொத நிமிஷமே மூச்சு திணறும். மதியத்துக்கு மேல காத்து பலமா அடிக்க ஆரம்பிச்சா ஏரி கடலா மாறிடும். கரையிலேர்ந்து 200 மீட்டருக்குள்ள, இல்ல இன்னொரு படகுக்கு 50 மீட்டருக்குள்ள இருந்தா 5 நாட், அதாவது மணிக்கு 5 கடல் மைல், வேகத்துக்கு மேல போகக் கூடாது.

டிசம்பரா ஜூனா

நமக்கு லீவு இந்த ரெண்டு மாசம்தான், அங்க அது நேரெதிர் பருவம். டிசம்பர் அங்க கோடை ஆரம்பம். அப்ப ஸ்மெல்ட்டுன்னு ஒரு சின்ன மீன், நம்ம நெத்திலி சைஸ் இருக்கும், முட்டை போட கரையோரம் கூட்டமா வரும், அத தின்ன டிரவுட்டும் விடியக்காலையில மேலோட்டமா வந்துடும். வெயில் ஏற ஏற கீழ எறங்கிடும். அதனால டிசம்பர்ல ஒரே காலையில மூணு முறைய மாத்தி மாத்தி போடணும், அதத்தான் அடுத்து சொல்லப் போறேன்.

ஜூன்ல குளிர்காலம், பெரிய மீனெல்லாம் முட்டை போட டோங்காரிரோ மாதிரி ஆறுங்கள்ல ஏறிடும், அந்த நேரத்துல டுராங்கி ஊருல ஆத்துல நின்னு ஃபிளை போடுறவங்க கூட்டம்தான் அதிகம். ஏரியிலயும் கெடைக்கும், ஆனா விரல் வெறைச்சுப் போகும். பிள்ளைங்களோட போறவங்களுக்கு டிசம்பர்தான் என் ஓட்டு.

விடியக்காலை: ஹார்லிங்

வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடியே தண்ணியில இருக்கணும். ஹார்லிங்னா ஃபிளைய படகுக்குப் பின்னால இழுக்கறது. கனமான, மூழ்குற ஃபிளை லைன், அதோட 5, 6 மீட்டர் மெல்லிசு லீடர் (லைன் நுனியில கட்டுற நரம்பு), நுனியில ஸ்மெல்ட் மாதிரி தெரியற ஒரு ஃபிளை. பார்சன்ஸ் குளோரி அங்க பேரு வாங்குனது, கிரே கோஸ்டும் நல்லாப் போகும். கிரே கோஸ்ட் அமெரிக்காவுல மெயின் மாநிலத்துல கேரி ஸ்டீவன்ஸ்னு ஒரு அம்மா கட்டுனது, அதுவும் அங்க ஏரியில ஸ்மெல்ட் தின்ற மீனுக்காகத்தான், அதான் உலகத்தோட இன்னொரு மூலையிலயும் எடுபடுது.

லைன் முழுசும் விட்டுடுங்க, 30 மீட்டருக்கு மேல போகட்டும். ஆழமில்லாத தரை முடிஞ்சு பள்ளம் ஆரம்பிக்கிற எடத்துல தண்ணி நெறம் பச்சையிலேர்ந்து கருநீலமா மாறும், அந்தக் கோட்ட ஒட்டியே வளைஞ்சு வளைஞ்சு ஓட்டுங்க. வேகம் நடக்கற வேகம்கூட இல்ல, ஞாயித்துக்கிழம சாயங்காலம் தேக்காவுல கூட்டத்துக்குள்ள நகருவோமே, அது. ராட கையில பிடிச்சுக்கிட்டு அப்பப்ப முன்னாடி ஒரு இழு, திரும்ப விடு. ஃபிளை துடிச்சு நிக்கும்போதுதான் பெரும்பாலும் அடிக்கும். கையிலயே அந்த அடி தெரியறதுனால, என்னக் கேட்டா மூணு முறையில இதுதான் சொகம்.

வெயில் ஏறுனதும்: லெட் லைன்

இது நடுவுல ஈயக்கம்பி வச்சு மேல பின்னுன நூலு. 10 கெஜத்துக்கு ஒரு கலர்னு மாறி மாறி வரும், 100 கெஜ சுருள்ல 10 கலர். எத்தன கலர் வெளிய போச்சுன்னு எண்ணுனா ஆழம் தெரிஞ்சுடும், மணிக்கு 3 கிலோமீட்டர் சொச்சத்துல போனா ஒரு கலருக்கு சுமாரா ஒன்றரை மீட்டர் எறங்கும். அப்ப 6 கலர் விட்டா 9 மீட்டர். வேகத்த கூட்டுனா மேல வரும், கொறச்சா கீழ போகும், இத மறந்துட்டு தரையில மாட்டிக்கிட்டு லைன அறுத்தவங்கள்ல நானும் ஒருத்தன்.

லெட் லைனோட நுனியில 8, 10 பவுண்டு ஃபுளோரோகார்பன் லீடர் ஒரு 5 மீட்டர், நடுவுல நல்ல பால் பேரிங் சுவிவல் (சுழலுற இணைப்பு), இல்லன்னா லூர் சுத்தி சுத்தி நரம்பு முறுக்கிக்கும். லூருக்கு டாஸ்மேனியன் டெவில், டோபி ரெண்டும் போதும், பெட்டி நெறைய தூக்கிட்டுப் போக வேணாம். ஒவ்வொரு தடவயும் லூர விடுறதுக்கு முன்னாடி படகு ஓரமா ரெண்டு மீட்டர் இழுத்துப் பாருங்க, ஒழுங்கா ஆடுதா இல்ல பம்பரமா சுத்துதான்னு. முள்ள நகத்து மேல வச்சு லேசா இழுங்க, வழுக்குனா மொட்ட, தீட்டுங்க.

நீளமான லைன் வெளிய இருக்கும்போது படக சடார்னு திருப்புனா எல்லாம் பின்னிக்கிட்டு நூடுல்ஸ் ஆயிடும். ரொம்ப அகலமா திருப்பணும்.

பத்து மணிக்கு மேல: டவுன்ரிகர்

மூணுலயும் ஆழத்த துல்லியமா வைக்கறது இதுதான், அதனால கொஞ்சம் பொறுமையா சொல்றேன். படகு ஓரத்துல ஒரு சின்ன வின்ச்சு, அதுல கம்பி, கம்பி நுனியில 4 கிலோ அளவுல ஒரு ஈயக்குண்டு. குண்டுக்கு மேல ஒரு கிளிப்பு. உங்க தூண்டில் நரம்ப அந்த கிளிப்புல கவ்வ விட்டு குண்டோட சேத்து கீழ எறக்கணும். மீன் அடிச்சா கிளிப்புலேர்ந்து நரம்பு பிச்சுக்கிட்டு வந்துடும், அப்புறம் மீனுக்கும் உங்களுக்கும் நடுவுல எந்த வெயிட்டும் இல்ல, வெறும் சண்டதான்.

செய்ய வேண்டியது இதுதான். படகு ஓடிக்கிட்டே இருக்கணும், நின்ன படகுல எறக்குனா லூர் கம்பியில சுத்திக்கும். லூர பின்னால 15 மீட்டர் விடுங்க. நரம்ப கிளிப்புல மாட்டுங்க. ரீலோட டிராக்க (நரம்ப பிடிச்சு வைக்கிற இறுக்கத்த) தளத்தி, ஸ்பூல் மேல கட்டவிரல வச்சுக்கிட்டு குண்ட மெதுவா எறக்குங்க, ஒரு ஆளு வின்ச்சு ஒரு ஆளு ராடு. ஆழம் வந்ததும் ராட ஹோல்டர்ல குத்தி, நுனி நல்லா வளையற வரைக்கும் ரீல சுத்தி இறுக்குங்க. இந்த வளைவுதான் உயிர். மீன் அடிச்சு கிளிப்பு விடும்போது ராடு டபக்னு நிமிந்து தொங்குன நரம்ப தானா இழுத்து முள்ள ஏத்தும். தொளதொளன்னு விட்டு வச்சீங்கன்னா நரம்பு தளந்து மீன் துப்பிட்டுப் போயிடும்.

எவ்ளோ ஆழம்? தண்ணிக்குள்ள இருக்கறத காட்டுற சவுண்டர் கருவியோட ஸ்கிரீன்ல வளைவு வளைவா தெரியறது மீன், மேகம் மாதிரி திட்டா தெரியறது ஸ்மெல்ட் கூட்டம். கோடையில மேல சூடான தண்ணியும் கீழ குளிர்ந்த தண்ணியும் தனித்தனி அடுக்கா பிரிஞ்சு நிக்கும், மீன் பெரும்பாலும் அந்த எல்லைய ஒட்டித்தான் இருக்கும், ரெயின்போவுக்கு 12லேர்ந்து 16 டிகிரி வரைக்கும் இருக்கற தண்ணி புடிக்கும். இதுல எல்லாரும் பண்ற தப்பு, மீன் 22 மீட்டர்ல தெரியுதுன்னா குண்டையும் 22க்கே எறக்கறது, இல்ல அதுக்கும் கீழ. டிரவுட்டு மேல பாத்துதான் சாப்பிடும், கீழ போறத கண்டுக்காது. ஒண்ணு ரெண்டு மீட்டர் மேலயே வைங்க. இன்னொண்ணு, படகு போற வேகத்துல குண்டு பின்னால தள்ளிக்கிட்டுப் போகும், கம்பி சாஞ்சு நிக்கும், அதனால கவுண்டர் 25னு காட்டுனாலும் நெசமான ஆழம் கொறச்சலாத்தான் இருக்கும்.

கலரப் பத்தி கடைக்காரங்க ஆயிரம் கத சொல்லுவாங்க. ஆழத்துல செவப்பு மொதல்ல மங்கிடும், பச்சையும் நீலமும்தான் கடைசி வரைக்கும் தெரியும், இது மட்டும் தெரிஞ்சா போதும்.

வேகத்த மீன்கிட்டயே கேளுங்க

நேர் கோட்டுல ஓட்டாதீங்க. பாம்பு மாதிரி வளைஞ்சு ஓட்டுங்க. படகு எடப்பக்கம் திரும்பும்போது வலப்பக்க லூர் வேகமாகும், எடப்பக்க லூர் வேகம் கொறஞ்சு கொஞ்சம் கீழ எறங்கும். வெளிப்பக்கம் இருக்கற ராடுல அடிச்சுதா, மீனுக்கு இன்னும் வேகம் வேணும். உள்பக்கத்துல அடிச்சுதா, மெதுவா வேணும். இத எனக்கு சொல்லிக் குடுத்தது சார்ட்டர் ஸ்கிப்பர், ரெண்டாவது பயணத்துல. அரை மணி நேரம் ஒண்ணும் இல்லாம இருந்தது, ரெண்டு தடவ உள்பக்க ராடே வளைஞ்சதும் அவரு திராட்டில்ல துளி கொறச்சாரு, அதுக்கப்புறம் மச்சானுக்கு உக்கார நேரமில்ல.

காத்தும் கணக்குல சேத்தி. காத்தடிக்கிற பக்கமே போனா படகு தானா வேகமாகும், எதிர்த்துப் போனா கொறையும், அதனால இன்ஜின் சத்தத்த நம்பாம ஜிபிஎஸ் வேகத்த பாருங்க. ஒரு பக்கம் போகும்போது மட்டும் அடிக்குது, திரும்பி வரும்போது ஒண்ணுமில்லன்னா காரணம் பெரும்பாலும் இதுதான்.

மாட்டுனதுக்கு அப்புறம்

கத்தி குதிச்சு படக நிறுத்தாதீங்க, நிறுத்துனா மத்த லைனெல்லாம் கீழ எறங்கி தரையில மாட்டும். வேகத்த பாதியாக்கி ஓட்டிக்கிட்டே இருங்க. அதே பக்கத்து லைன யாராச்சும் சுத்தி எடுக்கட்டும், குண்டயும் மேல தூக்கிடுங்க. ரெயின்போ தண்ணிக்கு மேல எகிறி வால்ல நடக்கும், அந்த நேரத்துல ராட கொஞ்சம் தாழ்த்தி நரம்புக்கு எடம் குடுங்க. டிராக் இறுக்கமா வச்சு மச்சான் ஒரு நல்ல மீன படகு ஓரத்துல விட்டான், இன்னிக்கு வரைக்கும் தீபாவளி விருந்துல அந்தக் கத வரும், வருஷா வருஷம் மீனு கால் கிலோ ஏறிக்கிட்டே போகுது. வலைய தண்ணிக்குள்ள அசையாம வச்சுக்கிட்டு மீன தலப்பக்கமா அதுக்குள்ள இழுத்துட்டு வாங்க, வலைய வச்சு மீன தொரத்தக் கூடாது.

திருப்பி விடுறதுன்னா கைய நனைச்சுக்கிட்டு தொடுங்க, செவுள்ல விரல் போகக் கூடாது, போட்டோ ஒண்ணு போதும். வச்சுக்கறதுன்னா உடனே தலையில குத்தி சாகடிச்சு, ரத்தம் வடிச்சு ஐஸ் பெட்டியில போட்டுடுங்க, வாளியில துடிக்க விட்டா கறி சொதசொதன்னு ஆயிடும்.

வீட்டுக்காரம்மாவுக்கு அலுப்பா இருந்தா ஸ்கிப்பர்ட்ட சொல்லி மைன் பே பக்கம் ஒரு சுத்து போகச் சொல்லுங்க, பாறையில செதுக்குன மாபெரும் மாவோரி முகம் இருக்கு, தண்ணி வழியாத்தான் கிட்ட போக முடியும், அந்தப் பக்கமும் லைன் இழுத்துக்கிட்டே போகலாம். கோடாலித் தைலம் பையில இருக்கட்டும், ஏரியிலயும் தல சுத்தும்.

இங்கயே பழகிக்கறது

போறதுக்கு முன்னாடி நான் பண்ணது இது. ராத்திரி எங்க புளோக்கு வாய்ட் டெக்குல 15 மீட்டர் அளந்து சாக்பீஸ்ல கோடு போட்டு, ரீல்லேர்ந்து நரம்ப இழுத்து ரீல்ல நரம்ப அடுக்கற கைடு எத்தன தடவ அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஓடுதுன்னு எண்ணி வச்சுக்கிட்டேன். எதிர் வீட்டு ஆண்ட்டி என்னப்பா பண்றன்னு கேட்டாங்க, மீன் பிடிக்கறேன் ஆண்ட்டின்னேன், லிஃப்டு வர்ற வரைக்கும் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே இருந்தாங்க. ஆனா அந்த எண்ணிக்கை ஏரியில காலங்காத்தால அஞ்சு மணி இருட்டுல எவ்ளோ உதவுச்சுன்னு எனக்குத்தான் தெரியும். கிளின்ச், யூனி ரெண்டு முடிச்சையும் கண்ண மூடிக்கிட்டு போடுற அளவுக்கு பழகிக்குங்க, குளுருல விரல் சொன்ன பேச்சு கேக்காது.

சாப்பாடு

நியூசிலாந்துல டிரவுட்ட விக்கறது சட்டப்படி குத்தம். கடையில கெடைக்காது, எந்த ரெஸ்டாரன்ட் மெனுவுலயும் இருக்காது. சாப்பிடணும்னா நீங்களோ உங்க ஆளோ பிடிச்சாத்தான் உண்டு. பிடிச்ச மீன குடுத்தா சமைச்சுத் தர்ற ரெஸ்டாரன்ட் உண்டு, முன்னாடியே போன் பண்ணி கேட்டுக்குங்க. கறி ஆரஞ்சு கலர்ல இருக்கும், அங்க மானுக்கா மரத்தூள் போட்டு புகையில வேக வைப்பாங்க, அது அருமை. வாடகை வீட்டுல கிச்சன் இருந்தா மஞ்சத்தூள், மொளகாத்தூள், எலுமிச்ச, கொஞ்சமா உப்பு, தோலோட தவாவுல போட்டு எடுங்க, எண்ணெ ரொம்ப வேணாம், மீன்லயே நெய் இருக்கு. புளிக்கொழம்பு வச்சுப் பாத்தோம், எனக்கு ஒத்து வரல, மீனோட ருசி புளியில அமுங்கிப் போச்சு. ஆனா தலையும் நடு முள்ளும் குப்பைக்குப் போக விடாதீங்க, மிளகு சீரகம் பூண்டு தட்டிப் போட்டு என் மாமியார் ஒரு ரசம் வச்சாங்க, வெளிய குளிரு, ஆளாளுக்கு ஒரு டம்ளர், மீன தொட மாட்டேன்னு அடம் பிடிச்ச சின்னவளே ரெண்டாவது தடவ கேட்டு வாங்கிக் குடிச்சா.